எதிராளியைப் படித்தல்: குத்துச்சண்டைக் களம் கற்றுத்தரும் பாடம்

பள்ளிகளுக்கிடையேயான குத்துச்சண்டைப் போட்டியில் காலையில் எடை பார்ப்பார்கள். பிறகு குலுக்கல் நடக்கும். யாருக்கு யார் எதிர் என்ற தாள் சுவரில் ஒட்டப்பட்டதும் மாணவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "சார், எனக்கு எதிர்ல யாரு?" பெயரைச் சொன்னதும் அடுத்த கேள்வி வரும். "நல்லா அடிப்பாங்களா சார்?"

இந்த இரண்டாவது கேள்வியில் பயம் இருக்கிறது. அதற்கு "ஆமாம்" என்று சொன்னாலும் "இல்லை" என்று சொன்னாலும் பிள்ளைக்குப் பயன் இல்லை. அதே கேள்வியைச் சற்று மாற்றி, "எப்படி அடிப்பாங்க?" என்று கேட்கப் பழக்கினால் பயம் இருந்த இடத்தில் ஒரு வேலை வந்து உட்கார்ந்துவிடும். பார்க்க வேண்டும், எழுத வேண்டும், பழக வேண்டும். எதிராளிக்குத் தயாராவது என்பது இந்த மூன்றும்தான். இதை எப்படிச் செய்கிறோம் என்பதைப் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

வேலூரிலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் இருக்கும் கணியம்பாடிப் பகுதியில் நான் உடற்கல்வி ஆசிரியர். எங்கள் மாவட்டம் பளுதூக்குதலுக்குப் பெயர் பெற்றது. சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ, 2018 கோல்டுகோஸ்ட் ஆகிய இரு காமன்வெல்த் போட்டிகளிலும் 77 கிலோ பிரிவில் தங்கம் வென்றவர். அதனால் எங்கள் பிள்ளைகளுக்கு இரும்பைத் தூக்குவது புதிதல்ல. ஆனால் இரும்பின் எடை நேற்றும் இன்றும் ஒன்றுதான்; அது யாரையும் ஏமாற்றாது. குத்துச்சண்டையில் எதிரே நிற்பவர் யோசிக்கிறார், ஏமாற்றுகிறார், நம்மைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறார். ஆகவே உடல் வலுவோடு இன்னொன்றும் தேவைப்படுகிறது.

கையைவிடக் கண் மெதுவானது

அது ஏன் தேவைப்படுகிறது என்பதை ஒரு ஸ்கேல் கொண்டு வகுப்பிலேயே காட்டலாம். ஒரு மாணவர் 30 செ.மீ. ஸ்கேலைச் செங்குத்தாகப் பிடித்திருக்கட்டும். இன்னொருவர் அதன் பூஜ்ஜியம் உள்ள கீழ்முனையில் விரல்களைத் தொடாமல் வைத்திருக்கட்டும். முதலாமவர் சொல்லாமல் ஸ்கேலை விட வேண்டும். இரண்டாமவர் பிடிக்க வேண்டும். 20 செ.மீ. குறியில் பிடித்தால், விழும் பொருளின் சூத்திரப்படி அவர் எடுத்துக்கொண்ட நேரம் சுமார் 0.20 வினாடி. 10 செ.மீ. என்றால் 0.14 வினாடி. 30 செ.மீ. என்றால் 0.25 வினாடி. பெரும்பாலான பிள்ளைகள் 15 முதல் 25 செ.மீ.க்குள் பிடிப்பார்கள்.

நன்கு பழகிய ஒருவரின் ஜாப், அதாவது முன்கையால் விடும் நேர்க்குத்து, புறப்பட்டு வந்து சேர ஏறத்தாழ இதே அளவு நேரம்தான் ஆகும். கையுறை கிளம்புவதைக் கண்டபிறகு தடுக்க நினைத்தால் பெரும்பாலும் நேரம் கடந்திருக்கும். அப்படியானால் நல்ல வீரர்கள் எப்படித் தப்பிக்கிறார்கள்? அவர்கள் கையுறைக்கு முன்னால் நடப்பதைப் பார்க்கிறார்கள். குத்து வருமுன் தோள் சற்று ஏறும், இடுப்பு திரும்பும், பின்காலின் குதிகால் எழும்பும், சிலர் மூச்சை இழுப்பார்கள், சிலருக்குக் கண் சுருங்கும். இந்தச் சிறு அறிகுறிகளிலிருந்து அடுத்தது இதுதான் என்று ஊகிக்கிறார்கள்.

ஊகம் சரியாக அமைய, அந்த எதிராளியின் பழக்கம் முன்பே தெரிந்திருக்க வேண்டும். தயாரிப்பு என்று நாம் சொல்வது இந்த முன்னறிவைத்தான். பிள்ளைகள் இதைப் புரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். தமக்கு வேகம் போதவில்லை என்று நினைத்திருந்தவர்கள், தாம் பார்த்தது போதவில்லை என்று உணர்கிறார்கள். பார்ப்பதைக் கூட்டிக்கொள்ள எல்லோராலும் முடியும்.

வலியறிதல்: எதைப் பார்ப்பது?

திருக்குறளின் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து வருகின்றன. போருக்குப் புறப்படும் அரசனுக்குச் சொன்னவை. குத்துச்சண்டைக்கும் அப்படியே பொருந்துகின்றன. நான் பயிற்சியையும் இந்த வரிசையில்தான் பிரித்துக்கொள்கிறேன்.

வலியறிதல் என்றால் எதிராளியின் வலிமையை மட்டும் அறிவதன்று. எடுத்துக்கொண்ட செயல், நம் வலிமை, மாற்றான் வலிமை, துணையாக நிற்பவர் வலிமை ஆகிய நான்கையும் தூக்கிப் பார்க்கச் சொல்கிறார் வள்ளுவர். எங்கள் மாணவர்களிடம் ஒரு சிறிய அட்டை இருக்கும். முன்பக்கத்தில் எதிராளியைப் பற்றி நான்கு கேள்விகள்.

ஒன்று, அடிக்கும் முன் என்ன செய்கிறார்? இரண்டு, அடித்த பிறகு அந்தக் கை எங்கே திரும்பி வருகிறது? மூன்று, அடி பட்டால் எந்தப் பக்கம் போகிறார்? நான்கு, களைத்தால் என்ன மாறுகிறது?

அட்டையின் பின்பக்கத்தில் இதே நான்கு கேள்விகளுக்குத் தன்னைப் பற்றிய பதிலை எழுத வேண்டும். அதைத் தானே எழுதக் கூடாது. உடன் பயிலும் ஒருவர் பார்த்து எழுத வேண்டும். முன்பக்கத்தைவிடப் பின்பக்கம்தான் பிள்ளைகளுக்கு அதிக வியப்பைத் தரும்.

இரண்டாவது கேள்விக்கு உலகக் குத்துச்சண்டை வரலாற்றிலேயே ஒரு புகழ்பெற்ற விடை உண்டு. 1936-இல் அமெரிக்காவின் ஜோ லூயிஸ் தொழில்முறைப் போட்டிகளில் தோல்வியே காணாதவர். அவரை எதிர்கொள்ளவிருந்த ஜெர்மனியின் மேக்ஸ் ஷ்மெலிங்குக்கு முப்பது வயது. அவர் வெல்வார் என்று நம்பியவர்கள் மிகக் குறைவு. ஷ்மெலிங், லூயிஸின் போட்டிப் படச்சுருள்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். லூயிஸ் இடது கையால் ஜாப் விட்டபின் அந்தக் கையை உடனே முகத்தருகே கொண்டுவராமல் சற்றுத் தாழ்த்துகிறார் என்பதைக் கண்டுகொண்டார். இடது கை தாழ்ந்தால் இடது தாடை திறக்கும். அங்கே போய்ச் சேரக்கூடியது எதிராளியின் வலது கை. 1936 ஜூன் 19 அன்று நியூயார்க் யாங்கீ மைதானத்தில் ஷ்மெலிங் அந்த ஒரு வழியையே பொறுமையாகப் பயன்படுத்தினார். 4-ஆவது சுற்றில் லூயிஸ் கீழே விழுந்தார். 12-ஆவது சுற்றில் போட்டி முடிந்தது.

ஷ்மெலிங் கண்டது ஒரே ஒரு பழக்கம். அந்தப் பழக்கம் உண்மையானது என்பதில் உறுதியாக இருந்தார். நம் பிள்ளைகளிடமும் இதைத்தான் எதிர்பார்க்க வேண்டும். பத்துக் குறிப்புகள் எழுதி வந்தால், "இதில் மூன்று முறைக்கு மேல் நடந்தது எது?" என்று கேட்பேன். ஒருமுறை நடந்தது தற்செயலாக இருக்கலாம். மூன்று, நான்கு முறை நடந்தால்தான் அதைப் பழக்கம் என்று கொள்ளலாம்.

எதிராளிகளில் சில வகை

பள்ளி அளவில் காணொளி கிடைப்பது அரிது. எதிராளியின் முந்தைய சுற்றுப் போட்டியைக் களத்தருகே நின்று பார்ப்பதே பெரும்பாலும் கிடைக்கும் வாய்ப்பு. அதுவும் இல்லையென்றால் முதல் சுற்றின் முதல் அரை நிமிடம்தான். ஆகவே வகை பிரித்து அறியும் பழக்கம் உதவும்.

நெட்டையானவர், நீண்ட கைக்காரர்: எட்ட நின்று ஜாப் விட்டே புள்ளி சேர்ப்பார். அவருடைய கை முழுதாக நீளும் தூரத்தில் நிற்பதுதான் நமக்கு ஆபத்து. ஒன்று, அவர் கைக்கு எட்டாத தூரத்தில் நிற்க வேண்டும். அல்லது அவர் கை மடங்கியே இருக்கும்படி நெருங்கிவிட வேண்டும். இடையில் தங்கக் கூடாது. உள்ளே நுழையும்போது தலையை நேர்க்கோட்டிலிருந்து விலக்கியபடி நுழைந்து, முதலில் உடலில் குத்த வேண்டும்.

நெருக்கிக்கொண்டே வருபவர்: இவருக்கு முன்னால் நேராகப் பின்வாங்கினால் கயிறுதான் மிஞ்சும். ஓரடி பின்னே, அடுத்த அடி பக்கவாட்டில் என்று திரும்ப வேண்டும். அவர் திரும்பி நம்மைத் தேடும் நொடியில் ஜாப் விட வேண்டும்.

காத்திருந்து பதிலடி கொடுப்பவர்: நாம் முதலில் அடிப்பதற்காகவே இவர் நிற்கிறார். அடிப்பதுபோலத் தோளை மட்டும் அசைத்துக் காட்டினால் அவருடைய பதிலடி வெளியே வந்துவிடும். அது வந்தபிறகு நம்முடையதைத் தொடங்கலாம்.

இடதுகைக்காரர்: சவுத்பா என்பார்கள். வலது காலையும் வலது கையையும் முன்னே வைத்து நிற்பார். அவருடைய வலுவான இடது கை நமக்கு வலப்பக்கத்தில் இருக்கும். ஆகவே வலதுகைக்காரப் பிள்ளைகள் தம் இடப்பக்கமாக நகர்ந்து, தம் முன்காலை அவருடைய முன்காலுக்கு வெளிப்புறத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அங்கிருந்து வலது நேர்க்குத்துக்கு வழி கிடைக்கும். இதைப் போட்டியன்று சொல்லிப் புரியவைக்க முடியாது. பள்ளியில் இடது கையால் எழுதும் பிள்ளை யாராவது இருந்தால் அவரை அழைத்துப் பழகவிட வேண்டும்.

காலமும் இடமும்

காக்கை தன்னைவிட வலிய கோட்டானைப் பகலில் வென்றுவிடும் என்று காலமறிதலில் ஓர் உவமை வருகிறது. முதலை ஆழ்நீரில் மற்றவற்றை வெல்லும். நீரை விட்டு வெளியே வந்தால் மற்றவை அதை வெல்லும் என்று இடனறிதலில் வருகிறது. இரண்டையும் ஒரே இரவில் செய்து காட்டியவர் முகமது அலி.

1974 அக்டோபர் 30. ஜயர் நாட்டின் கின்ஷாசா நகரம். அலிக்கு 32 வயது. உலகச் சாம்பியன் ஜார்ஜ் ஃபோர்மேனுக்கு 25. அதுவரை மோதிய 40 போட்டிகளிலும் ஃபோர்மேன் வென்றிருந்தார்; அவற்றில் 37 போட்டிகளை எதிராளி முழு நேரம் தாக்குப்பிடிக்குமுன்பே முடித்திருந்தார். அலியை வென்றிருந்த ஜோ ஃபிரேசியர், கென் நார்டன் இருவரையும் ஃபோர்மேன் இரண்டிரண்டு சுற்றுகளில் வீழ்த்தியவர். வலிமை யார் பக்கம் என்பதில் யாருக்கும் ஐயமில்லை.

அலி அந்த வலிமைக்குள்ளேயே ஒரு குறையைப் பார்த்தார். எல்லாரையும் சீக்கிரம் முடித்துவிடுபவருக்கு நீண்ட போட்டி பழக்கமில்லை. முதல் சுற்றில் அலி எதிர்பாராத விதமாக வலது கையாலேயே தாக்குதலைத் தொடங்கி ஃபோர்மேனைச் சீண்டினார். இரண்டாம் சுற்றிலிருந்து கயிற்றில் சாய்ந்து, கைகளால் முகத்தையும் விலாவையும் மூடிக்கொண்டு, ஃபோர்மேனை அடிக்கவிட்டார். தளர்வான கயிறு பின்னோக்கி வளைந்து அடியின் வேகத்தை வாங்கிக்கொண்டது. அந்தப் புழுக்கமான இரவில் ஃபோர்மேனின் கைகள் கனக்கத் தொடங்கின. இடையிடையே அலி நேர்க்குத்துகளைச் செலுத்திக்கொண்டே இருந்தார். 8-ஆவது சுற்றின் முடிவில் களைத்துப்போன ஃபோர்மேன் கீழே விழுந்தார். எல்லா வீரர்களும் அஞ்சி விலகும் கயிற்றோரத்தை அலி தனக்கான இடமாக்கிக்கொண்டார். எதிராளி களைக்கும் வரை தனக்கான காலத்துக்குக் காத்திருந்தார். அந்த அலி 1980-இல் சென்னைக்கு வந்து நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டியில் ஆடியதைப் பார்த்தவர்கள் இன்றும் சொல்லி மகிழ்வதுண்டு.

ஆனால் ஒரு எச்சரிக்கை. அலி செய்ததை நம் பிள்ளைகள் செய்யவே கூடாது. அது 15 சுற்றுகள் கொண்ட தொழில்முறைப் போட்டி. நம் பிள்ளைகள் ஆடுவது மூன்று சுற்றுகள்; பெரியவர்களுக்குச் சுற்றுக்கு 3 நிமிடம், சிறு வயதினருக்கு அதைவிடக் குறைவு. ஒவ்வொரு சுற்றிலும் தெளிவாகப் பட்ட குத்துகளையும் ஆட்டத் திறனையும் பார்த்து ஐந்து நடுவர்கள் புள்ளி தருகிறார்கள். கயிற்றில் சாய்ந்து நின்றால் இரண்டு சுற்றுகள் கைவிட்டுப் போயிருக்கும். அதோடு, தலையில் அடி வாங்கிக்கொண்டே இருப்பது எந்த வயதிலும் உத்தி ஆகாது. அலியிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, எதிராளியின் பழக்கத்துக்குப் பொருந்தாத காலத்தையும் இடத்தையும் தேர்ந்தெடுத்த அந்த யோசனையை மட்டும்தான்.

"அடி வாங்கவா அனுப்பறீங்க?"

இதையெல்லாம் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருவரை வைத்துச் சொன்னால் தெளிவாகும். எங்கள் பகுதியில் பல தாய்மார்கள் காலை வேனில் ஏறிக் காலணித் தொழிற்சாலைக்குப் போகிறவர்கள். அந்த மாணவியின் தாயும் அப்படித்தான். கட்டிங் பிரிவில் வேலை. மகள் வருவாய் மாவட்டப் போட்டிக்குப் போகிறாள் என்றதும் பள்ளிக்கு வந்தார்.

"சார், பொம்பளப் புள்ளைய அடி வாங்கவா அனுப்பறீங்க?"

"அடி வாங்காம இருக்கத்தாம்மா சொல்லித் தரேன். நீங்க தோல் மேல டையை எடுத்த உடனே வெச்சு அடிச்சுடுவீங்களா?"

"அது எப்படி சார்? தோலைத் திருப்பிப் பாக்கணும். உண்ணி கடிச்ச தழும்பு இருக்கும், கத்தி பட்ட கீறல் இருக்கும். அதையெல்லாம் பாத்து ஒதுக்கிட்டுத்தான் டை வெப்போம். இல்லன்னா ஜோடி வீணாப்பூடும்."

"அதேதாம்மா. உங்க பொண்ணும் முதல்ல பாக்கக் கத்துக்குது."

அவர் உடனே சம்மதித்துவிடவில்லை. அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். மகள் எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். "போவட்டும். ஆனா மூஞ்சில காயம் பட்டா நான் வந்து கேப்பேன் சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சொல்லை நான் ஒரு பொறுப்பாகவே எடுத்துக்கொண்டேன்.

மாணவியின் எடைப் பிரிவில் வழக்கமாக மூன்று நான்கு பேர்தான் வருவார்கள். முந்தைய ஆண்டு வென்ற மாணவி மீண்டும் வருவார் என்பது தெரியும். அவர் ஆடியதை இவர் முந்தைய ஆண்டே அருகிலிருந்து பார்த்துக் குறிப்பு எடுத்திருந்தார். அட்டையில் இருந்தது இவ்வளவுதான்: வலது கையால் அடிக்கும் முன் இரண்டு சின்னக் குதி குதிக்கிறார். அடித்த வலது கை முகத்துக்குத் திரும்பாமல் நெஞ்சருகே நிற்கிறது. அடி பட்டால் நேராகப் பின்னே போகிறார். மூன்றாம் சுற்றில் வாயால் மூச்சு விடுகிறார்.

இதிலிருந்து ஒரே ஒரு திட்டம் போட்டோம். இரண்டாவது குதியைப் பார்த்ததும் அரை அடி பின்வாங்க வேண்டும். குத்து தவறியதும் திறந்திருக்கும் வலது தாடைக்கு இடது ஹூக். உடனே தன் வலப்பக்கம் நகர்ந்து அந்த வலது கையிலிருந்து விலகிவிட வேண்டும். இன்னொரு மாணவியை அதே இரண்டு குதியோடு வலது கை விடச் சொல்லி ஆறு நாள் பழக்கினோம். முதல் இரண்டு நாள் இவருடைய குத்தே கிடையாது. பின்வாங்குவதும் நகர்வதும் மட்டும். மூன்றாம் நாள் முதல்தான் ஹூக். ஆறாம் நாள் குதி தொடங்கும்போதே இவருடைய கால் தானாக அசைந்தது.

போட்டியில் முதல் சுற்றில் திட்டம் மூன்று முறை பலித்தது. இரண்டாம் சுற்றில் எதிரணி மாணவி குதிப்பதை நிறுத்திவிட்டு, இடது ஜாப்பை முன்னே விட்டு வலது கையைப் பின்னால் கொண்டுவந்தார். மூன்றாம் சுற்று சமமாகப் போனது. முடிவு 3-2 என்று எதிரணிக்குப் போனது.

திரும்பும் பேருந்தில் அந்த மாணவி அட்டையை எடுத்து ஒரு வரி சேர்த்தார். "சார், ரெண்டாவது ரவுண்டுல அவங்க குதிக்கறத நிறுத்திட்டாங்க. நான் குதிப்பாங்கன்னே பாத்துக்கிட்டு இருந்தேன்." தோற்ற பிள்ளை தோல்வியின் காரணத்தை இவ்வளவு துல்லியமாகச் சொன்னது எனக்குப் பதக்கத்தைவிடப் பெரிதாகத் தெரிந்தது. மறுநாள் காலை வேன் ஏறும் முன் தாய் பள்ளி வாசலில் நின்றார். மகளின் முகத்தில் ஒரு கீறலும் இல்லை. "அடுத்த வருஷமும் அந்தப் பொண்ணே வருமா சார்?" என்று மட்டும் கேட்டார்.

எதிராளியும் படிக்கிறார்

அந்த இரண்டாம் சுற்றில் நடந்ததுதான் இந்த விளையாட்டின் அடுத்த பாடம். நாம் படிக்கும் புத்தகம் நம்மைத் திரும்பப் படிக்கிறது. லூயிஸும் அப்படித்தான் செய்தார். ஷ்மெலிங்கிடம் தோற்ற இரண்டு ஆண்டுகள் கழித்து, 1938 ஜூன் 22 அன்று, அதே யாங்கீ மைதானத்தில் அவரை மீண்டும் சந்தித்தார். இம்முறை எதிராளிக்குப் படிக்க நேரமே கொடுக்கவில்லை. மணி அடித்த நொடியிலிருந்து தாக்கி, 124 வினாடிகளில் போட்டியை முடித்தார். ஷ்மெலிங்கின் பழைய குறிப்பு அங்கே பயன்படவில்லை.

நம் நாட்டு வீராங்கனை லவ்லினா போர்கோஹெயின் 2018-இல் புதுடெல்லியில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப் அரையிறுதியில் சீன தைபேயின் சென் நியென்-சின்னிடம் தோற்றார். 2021 ஜூலை 30 அன்று டோக்கியோ ஒலிம்பிக் காலிறுதியில் அதே சென்னை 4-1 என்று வென்றார். அந்த வெற்றிதான் அவருக்கு வெண்கலத்தை உறுதி செய்தது. முன்பு தோற்றவரிடமே மீண்டும் நிற்கும் பிள்ளைகளுக்கு இந்த எடுத்துக்காட்டைச் சொல்லலாம். பழைய முடிவு பழைய இருவருக்கு உரியது. அதன்பின் இருவருமே மாறியிருப்பார்கள்.

ஆகவே அட்டையில் தேதி எழுதச் சொல்கிறேன். தேதியில்லாத குறிப்பு ஆபத்தானது. சுற்றுகளுக்கு இடையே கிடைக்கும் ஒரு நிமிடத்தில் நான் பிள்ளையிடம் முதலில் கேட்பது, "இப்ப என்ன மாத்தினாங்க?" பதில் வந்த பிறகு ஒரே ஒரு யோசனை சொல்வேன். மூச்சு வாங்கும் பிள்ளையிடம் ஐந்து யோசனை சொன்னால் ஒன்றும் நிற்காது.

பாதுகாப்பு உத்திக்கு முந்தியது

எதிராளிக்குத் தயாராவதில் முதல் பகுதி அடி படாமல் இருப்பது. சில விதிகளில் சமரசம் கூடாது. முறையாகப் பயிற்சி பெற்ற குத்துச்சண்டைப் பயிற்றுநர் இல்லாத பள்ளியில் இருவர் மோதும் ஸ்பாரிங் வேண்டாம். காலசைவு, நிழல்சண்டை, பார்த்து எழுதுதல் போதும். ஸ்பாரிங்கில் தலைக்கவசமும் பற்காப்பும் கட்டாயம். 2013 முதல் பன்னாட்டுப் போட்டிகளில் மூத்த ஆண்கள் தலைக்கவசம் இல்லாமல் ஆடுவதைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் கேட்பார்கள். அது அவர்களுக்குப் பொருந்தாது என்று விளக்க வேண்டும். தலைவலி, வாந்தி, தலைசுற்றல், பேச்சில் குழப்பம் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் உடனே நிறுத்தி மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். அவர் அனுமதிக்கும் வரை பயிற்சி இல்லை. குறைந்த எடைப் பிரிவில் நுழைவதற்காகச் சாப்பாட்டையோ தண்ணீரையோ குறைக்க வைப்பது வளரும் பிள்ளைக்குச் செய்யும் தீங்கு. இருக்கும் எடையில் ஆடட்டும்.

மற்ற பாட ஆசிரியர்களுக்கு

2021-இல் வந்த சார்பட்டா பரம்பரை திரைப்படத்துக்குப் பிறகு குத்துச்சண்டையைப் பற்றிப் பேசாத மாணவர் குறைவு. சென்னையின் வடபகுதியில் சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரைகளாகவே வளர்ந்த விளையாட்டு இது. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக ஆடி, 1994-இல் பாங்காக்கில் நடந்த உலகக் கோப்பையில் வெண்கலம் வென்ற வி.தேவராஜனும் சென்னைக்காரரே. இந்த ஆர்வத்தை வகுப்பறைக்குள் கொண்டுவரலாம்.

அறிவியல் ஆசிரியர் ஸ்கேல் சோதனையைச் செய்து ஒவ்வொருவரின் எதிர்வினை நேரத்தையும் கணக்கிடச் சொல்லலாம். கணித ஆசிரியர் கபடியோ கைப்பந்தோ நடக்கும்போது ஒரு வீரர் எத்தனை முறை இடப்பக்கம் போனார், எத்தனை முறை வலப்பக்கம் போனார் என்று நேர்க்கோட்டுக் குறியிட்டு, அடுத்தது எதுவாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று கேட்கலாம். தமிழாசிரியர் கண்டதை மட்டும் எழுது, கருத்தை எழுதாதே என்று ஐந்து வரிப் பயிற்சி கொடுக்கலாம். "அவர் பலசாலி" என்பது கருத்து. "அடித்ததும் வலது கை நெஞ்சருகே நிற்கிறது" என்பது கண்டது. இந்த வேறுபாட்டை ஆறாம் வகுப்புப் பிள்ளையும் பிடித்துக்கொள்ளும்.

தேர்வுக்கும் இதே முறை உதவுகிறது. கணக்கு வராது என்று சொல்லும் பிள்ளையிடம் பழைய விடைத்தாள்கள் மூன்றைக் கொடுத்து, எந்த இடத்தில் திரும்பத் திரும்பத் தவறுகிறாய் என்று பார்க்கச் சொல்லுங்கள். கழித்தலில் கடன் வாங்கும் இடமா, குறி மாறும் இடமா என்று அந்தப் பிள்ளையே கண்டுபிடிக்கும். கண்டுபிடித்ததும் ஒன்றை மட்டும் எடுத்து ஆறு நாள் பழகட்டும்.

அடுத்த முறை உங்கள் பள்ளியிலிருந்து எந்த விளையாட்டுக்குப் பிள்ளைகள் போனாலும், கையில் ஒரு வெற்று அட்டையும் பென்சிலும் கொடுத்து அனுப்புங்கள். தங்கள் ஆட்டம் முடிந்தபிறகும் அவர்கள் களத்தருகே நின்று அடுத்தவர் ஆட்டத்தைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தால், அடுத்த ஆண்டுக்கான தயாரிப்பு அன்றே தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம்.